றம்பொடை இறக்கமும் ஒரு மஞ்சள் விளக்கும்

சகோதரிகளே, உங்கள் வீட்டு வாகனத்தின் மீற்றர் பலகையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிவதைச் சில வேளை கண்டிருப்பீர்கள். வாய் திறந்த சட்டியொன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போன்ற வடிவம். நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்றுக் குறைந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு அது. பலருக்கு அது ஒரு நாள் எரியும், காற்று அடித்ததும் அணைந்துவிடும். எங்கள் காரில் அது நான்கு மாதம் எரிந்தது. காற்று அடித்தாலும் எரிந்தது, அடிக்காவிட்டாலும் எரிந்தது. அந்த விளக்கோடு நாங்கள் உம்மாவை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போய் வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். நீங்களும் ஒரு நாள் பிள்ளைகளோடு அந்தப் பாதையில் போவீர்கள். அப்போது உதவும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

கறுப்பு டேப்

எங்கள் கார் 2014ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. அதை மாற்றலாம் என்று நினைத்திருந்த நேரத்தில்தான், 2020 மார்ச்சில், வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 தொடக்கத்தில்தான். இடைப்பட்ட வருடங்களில், எத்தனையோ குடும்பங்களைப் போல, நாங்களும் பழையதையே பழுது பார்த்து ஓட்டினோம்.

விளக்கு எரியத் தொடங்கியது 2023 செப்டம்பரில். என் கணவர் பெற்றோல் செட்டில் நிறுத்தி நான்கு டயருக்கும் காற்று அடித்தார். அணையவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டி அடித்தார். அப்போதும் அணையவில்லை. ஒரு கராஜில் பற்றரியைக் கழற்றிப் பூட்டினார்கள். வீட்டுக்கு வரும் வரை அணைந்திருந்தது; மறுநாள் திரும்ப எரிந்தது. "இந்த மாதிரிக் கார்களுக்கு உள்ள வியாதி சேர், கணக்கெடுக்காதீங்க" என்று சொல்லிக் காசையும் வாங்கிக்கொண்டார்கள். இரவில் கண்ணைக் கூசுகிறதென்று கடைசியில் இவர் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை வெட்டி அதன் மேல் ஒட்டிவிட்டார். நானும் பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

2024 ஜனவரியில் தைப்பொங்கல் திங்கட்கிழமை வந்தது. மூன்று நாள் லீவு சேர்ந்து கிடைத்ததால், உம்மாவின் நெடுநாள் ஆசையை நிறைவேற்றலாம் என்று புறப்பட்டோம். வாப்பா மௌத்தாகிப் பல வருடங்கள். அவர் வாலிபத்தில் நுவரெலியாவிலிருந்து கொழும்பு மெனிங் மார்க்கெட்டுக்கு மரக்கறி லொறி ஓட்டியவர். கல்யாணம் முடித்த புதிதில் உம்மா நுவரெலியாவில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இரண்டு வருடம் இருந்திருக்கிறார். "கண்ண மூட முந்தி அந்த ஊர ஒருக்காப் பாக்கணும் மகள்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். எழுபத்து மூன்று வயது. முழங்கால் நோவு வேறு. இதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை ஸுபஹ் தொழுதுவிட்டுத் தெஹிவளையிலிருந்து கிளம்பினோம். பின் ஆசனத்தில் நடுவில் உம்மா, இரு புறமும் என் இரண்டு பிள்ளைகள். மாவனல்லையில் தேநீர் குடித்துவிட்டுக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறினோம். ஆங்கிலேயர் கண்டி வீதியை அமைத்தபோது குடைந்த பாறையைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இப்போது பிரதான வீதி அதன் பக்கத்தால் போகிறது. பிள்ளைகள் பாறையைப் பார்த்தார்கள். உம்மா மீற்றர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகன், அதில என்னத்த ஒட்டி வெச்சிருக்கீங்க?"

"அது சும்மா எரியிற லைட் மாமி."

"சும்மா எரியிறதுக்கா லைட் வெச்சிருக்காங்க?"

இவர் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. "ஒங்கட மாமா டயரத் தட்டிப் பாக்காம லொறிய எடுத்த நாளில்ல" என்று மட்டும் சொன்னார். வாப்பா கையில் ஓர் இரும்புத் தடி வைத்திருப்பாராம். பயணத்துக்கு முன் ஒவ்வொரு டயரிலும் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பாராம். நல்ல டயர் 'டண்' என்னும். காற்றுப் போனது 'பொத்' என்னும். உம்மாவுக்கு அது இன்னும் நினைவிருந்தது.

கம்பளையில் கிடைத்த பாடம்

பேராதனையில் கண்டிப் பாதையை விட்டுப் பிரிந்து, பகல் உணவுக்குக் கம்பளையில் உள்ள சாச்சி வீட்டுக்குப் போனோம். பதினான்காம் நூற்றாண்டில் அரசர்கள் இருந்து ஆண்ட தலைநகர் அது. மகாவலி கங்கை அதன் ஓரத்தால் ஓடுகிறது. சாச்சியின் மகனிடம் உம்மா வந்ததும் வராததுமாகச் சொன்ன முதல் விஷயம் அந்த டேப்பைப் பற்றியதுதான். "வாங்க தாத்தா, தெரிஞ்ச பொடியன் ஒருத்தர்ர டயர் கடை ஈக்குது" என்று அவன் என்னைக் கூட்டிப் போனான். இவருக்கு லுஹருக்குப் பின் ஒரு தூக்கம் வேண்டியிருந்தது. அதனால்தான் அன்று அந்தக் கடைக்கு நான் போனேன், போனது நல்லதாயிற்று.

கடைக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். முதலில் டேப்பை உரித்தார். காரை அணைத்து, மீண்டும் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். "லைட்ட மட்டும் பாருங்க தாத்தா. ஒண்டும் செய்ய வேணாம்."

பார்த்தேன். விளக்கு விட்டு விட்டு மின்னியது. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மின்னிவிட்டு, பிறகு நிலையாக எரிந்தது. நான்கு மாதம் அந்தக் காரில் ஏறி இறங்கியும் அது மின்னுவதை நான் கவனித்ததில்லை.

"காத்துக் கொறஞ்சா மின்னாது, எடுத்த எடுப்பில நேரா எரியும். மின்னிட்டு எரிஞ்சா டயரில கொறயில்ல. காத்தப் பாக்கிற சாமானுக்குத்தான் சொகமில்ல. ரெண்டுக்கும் ஒரே லைட்தான்."

பெரும்பாலான கார்களில் இதுதான் முறை. எங்கள் காரில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும், வால்வோடு சேர்த்து, ஒரு சின்ன உணர்கருவி இருக்கிறது. அது காற்றின் அழுத்தத்தை அளந்து வானொலி போல அலை மூலம் காருக்கு அறிவிக்கிறது. அதனுள்ளே உள்ள பற்றரியின் ஆயுள் ஐந்து முதல் பத்து வருடம். பற்றரியை மட்டும் மாற்ற முடியாதபடி மூடிச் செய்திருப்பதால், தீர்ந்ததும் கருவியையே மாற்ற வேண்டும். தம்பி கையில் ஒரு சாதனத்தை வைத்துக்கொண்டு சக்கரம் சக்கரமாகச் சுற்றி வந்தார். மூன்று பதில் சொன்னது. முன் வலது சக்கரம் ஊமையாக இருந்தது.

அந்த விளக்கு நான்கு மாதமாகப் பொய் சொல்லவில்லை, சகோதரிகளே. "எனக்குச் சுகமில்லை, இனி என்னை நம்பி இருக்காதீர்கள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் வாயைப் பொத்தியிருந்தோம். அந்த நிலையில் வேறொரு டயரில் உண்மையாகவே காற்று இறங்கினாலும், ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கால் அதைப் புதிதாகச் சொல்ல முடியாது.

இந்த விளக்கு வந்த வரலாறும் சாதாரணமானதல்ல. அமெரிக்காவில் ஓடும்போதே டயரின் மேற்பட்டை கழன்று வாகனங்கள் புரண்டதில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதையடுத்து 2000ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2007 செப்டம்பரிலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றிலும் இந்த விளக்குக் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயம். காற்றுக் குறைந்த டயர் உருளும்போது அதன் பக்கச் சுவர் மடிந்து மடிந்து நிமிரும். கம்பியை மடித்து மடித்து நிமிர்த்தினால் சூடேறி முறிகிறதல்லவா, அதுபோல டயரும் சூடேறி உள்ளுக்குள் பலம் இழக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வெடிக்கும்.

எங்கள் காருக்குப் பொருத்தமான கருவி தம்பியிடம் இருக்கவில்லை. பதிலாகப் பேனா போன்ற ஓர் அளவியை எடுத்துத் தந்தார். வால்வில் அழுத்தினால் ஒரு குச்சி வெளியே வந்து இலக்கம் காட்டும். அதன் விலை ஒரு கோழியின் விலைகூட இல்லை. சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த தாளையும் காட்டினார். எங்கள் காருக்கு 33 பி.எஸ்.ஐ. என்று அதில் இருந்தது. டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் பெரிய இலக்கம் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாதாம்.

நான்கையும் 33 ஆக்கிவிட்டுச் சொன்னார்: "இது ஓடி வந்த சூட்டில பாத்த கணக்கு தாத்தா. நாளைக்குக் காலையில, கார எடுக்க முந்தி, நீங்களே பாருங்க. கொஞ்சம் கொறஞ்சிருக்கும், பயப்பட வேணாம். ஒண்ட மட்டும் மனசில வைங்க. குளிர் நாலையும் ஒண்டாக் கொறைக்கும். ஆணி ஒண்ட மட்டும் கொறைக்கும்."

வாப்பாவின் நுவரெலியா

புசல்லாவையைத் தாண்டியதும் தேயிலை மலைகள் தொடங்கின. றம்பொடையில் வீழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு, 2008இல் திறந்த சுரங்கப் பாதைக்குள் நுழைந்தோம். இருநூறு மீற்றருக்குச் சற்று நீளமானது. "வாப்பாட காலத்தில இது இல்ல" என்றார் உம்மா. முன்பு அந்த இடத்தில் வீதி ஓயாமல் சரியுமாம். பாரம் ஏற்றிய லொறிகள் இந்த இறக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போகுமாம். அங்கிருந்து லபுக்கலை வரை வளைவுக்கு மேல் வளைவு. மகள் வாந்தி எடுத்தாள். உம்மா ஒவ்வொரு வளைவிலும் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் சேர்ந்தபோது தூறல். உம்மா இருந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வரிசையே இடிக்கப்பட்டு ஒரு ஹோட்டல் எழும்பியிருந்தது. ஆனால் 1894இல் கட்டிய செங்கல் தபாற்கந்தோர் அப்படியே இருந்தது. வாப்பா கொழும்பில் தங்கும் இரவுகளில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு அந்தப் படியில் வந்து நிற்பாராம், ஏதாவது தந்தி வந்துவிடுமோ என்ற பயத்தில். "ஒரு நாளும் வரல்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். நாங்கள் அவரை அவசரப்படுத்தவில்லை.

ஞாயிறு விடியற்காலையில் அளவியோடு வெளியே வந்தேன். காரின் மீற்றர் வெளி வெப்பம் 11 பாகை என்று காட்டியது. விரல்கள் விறைத்தன. மூன்று டயரில் 30. பின் இடது டயரில் 26.

இவரை எழுப்பிச் சொன்னேன். "குளிருக்குக் கொறஞ்சிருக்கும். காத்து அடிச்சாச் சரி" என்றார். குளிருக்குக் குறையும் என்பது உண்மைதான். வெப்பம் ஐந்தாறு பாகை இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. இறங்கும். முதல்நாள் சூடான டயரில் அளந்த 33, குளிர்ந்ததும் 30 ஆனதற்கு அது போதுமான காரணம். ஆனால் குளிர் ஒரு டயருக்கு மட்டும் அதிகமாக வருமா? டயரைச் சுற்றிப் பார்த்தோம்; கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று நான்கையும் 33க்கு நிரப்பிக்கொண்டு, பிள்ளைகளைக் கிரகரி வாவிக்குக் கூட்டிப் போனோம்.

திங்கட்கிழமை காலை, பெட்டிகளை ஏற்று முன் மீண்டும் அளந்தேன். 33, 33, 33. பின் இடது 24.

பொங்கலன்று பூட்டிய கடைகள்

இந்த முறை இவர் ஒன்றும் பேசவில்லை. காரைக் கொஞ்சம் முன்னே உருட்டி, டார்ச் அடித்து, உட்பக்கப் பள்ளத்தில் கண்டுபிடித்தார். ஓர் இஸ்குறுப்பு ஆணி, தலை தேய்ந்து டயரோடு டயராக இருந்தது. சவர்க்காரத் தண்ணீரைத் தடவினோம். சிறு குமிழிகள் மெல்ல மெல்ல எழுந்தன.

அன்று பொங்கல். தெரிந்த டயர் கடைகள் இரண்டும் பூட்டியிருந்தன. ஸ்பெயார் வீலை மாற்றலாம் என்று இறக்கினோம். அதை அளந்தால் 14! வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. நான்கு சக்கரத்தைப் பற்றிக் கவலைப்பட்ட நாங்கள் ஐந்தாவதை மறந்தே போனோம்.

"காத்து அடிச்சுக்கொண்டு கம்பளை மட்டும் போயிருவோம். மெதுவாகத்தான் இறங்கிறது" என்றார் இவர். மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. ஒரு இரவில் 9 இறங்கியது என்றால் இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது என்பது அவர் கணக்கு. நிறுத்திய காரில் அந்தக் கணக்குச் சரியாக இருக்கலாம். ஐந்து பேரின் பாரத்தோடு வளைந்து வளைந்து இறங்கும்போது, அந்த ஆணி அசைந்து அசைந்து துளையைப் பெரிதாக்காது என்று யார் சொல்வது?

உம்மா ஆசனத்திலிருந்து இறங்கி வந்து வெளியே நின்றார். "மகன், அவர் ஒருக்கா முட்டைக்கோசு லோட் முழுக்க அழுகட்டும் எண்டு றம்பொடைக்கு மேல லொறிய நிப்பாட்டினவர். டயர் சத்தம் சரியில்ல எண்டு. மொதலாளி ஏசினார், சம்பளத்திலயும் வெட்டினார். நான் அண்டைக்கு அவரோட கோவிச்சிக்கிட்டேன், காசு போச்செண்டு." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்குப் பொறகும் நாப்பது வருஷம் அவர் வீட்டுக்கு வந்தார்" என்றார்.

இவர் திறப்பை என் கையில் தந்துவிட்டு, கடை தேடி நடந்தார்.

பத்து மணிக்குப் பிறகு பதுளை வீதிப் பக்கம் ஒரு சிங்களச் சகோதரர் கடை திறந்தார். டயரில் மீண்டும் காற்று நிரப்பி, அந்தச் சிறு தூரத்தை ஊர்ந்து போனோம். டயரைக் கழற்றும்போது, உள்ளே வால்வோடு கருவி இருக்கிறது என்று நான் முன்கூட்டியே சொன்னேன்; கம்பியைப் போட்டு நெம்பினால் அது உடைந்துவிடும் என்று கம்பளைத் தம்பி எச்சரித்திருந்தார். ஆணியைப் பிடுங்கி, உட்பக்கமாக ஒட்டுப் போட்டுத் தந்தார். ஸ்பெயார் வீலையும் நிரப்பினோம். எல்லாமாக இரண்டரை மணி நேரம் பிந்தியது. றம்பொடை இறக்கத்தில் உம்மா தூங்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை தெஹிவளையில் அளந்தேன். நான்கிலும் 33. குளிரில் நிரப்பியது சூட்டில் கூடியிருக்க வேண்டுமே என்று யோசித்தேன். பிறகுதான் விளங்கியது: மலையில் வெளிக்காற்று மெல்லியது, கடற்கரையில் கனமானது. கையளவி உட்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தையே காட்டுகிறது. சூடு கூட்டியதை வெளிக்காற்று கழித்துவிட்டது.

நீங்களும் செய்யலாம்

விளக்கு எரிந்தால் முதலில் அது மின்னிவிட்டு எரிகிறதா, நேராக எரிகிறதா என்று பாருங்கள். நேராக எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி டயர்களைப் பாருங்கள். மின்னி எரிந்தால் கருவியைப் பரிசோதிக்கக்கூடிய கடைக்குப் போங்கள். அதுவரை கையளவிதான் உங்களுக்கு விளக்கு.

மாதம் ஒரு முறையும் தூரப் பயணத்துக்கு முன்னும் அளந்து பாருங்கள். கார் மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். ஓடிய சூட்டில் மூன்று நான்கு கூடிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்து விடாதீர்கள். நான்கின் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நான்கும் ஒன்றாக இறங்கினால் காலநிலை. ஒன்று மட்டும் தனியே இறங்கினால் ஆணி, அல்லது வால்வு.

ஸ்பெயார் வீலை மறக்காதீர்கள். சில வாகனங்களில் அதனுள்ளும் கருவி உண்டு. நான்கையும் சரிபார்த்தும் விளக்கு அணையாததற்கு அது காரணமாக இருக்கலாம். வேறு சில கார்களில் சக்கரத்துக்குள் கருவியே கிடையாது. சக்கரம் சுழலும் வேகத்தைக் கொண்டு கணக்கிடும். அவற்றில் காற்று அடித்த பிறகு, காரோடு வந்த புத்தகத்தில் உள்ளபடி மீளமைக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

"இது ஆண்களின் வேலை" என்று நினைக்க வேண்டாம். வால்வின் மூடியைத் திருகிக் கழற்றுவது ஊறுகாய்ப் போத்தலைத் திறப்பதை விட இலேசு.

பிப்ரவரியில் கொழும்பில் எங்கள் காருக்குப் பொருந்தும் கருவி கிடைத்தது. பூட்டிப் பதிந்ததும், சில கிலோமீற்றர் ஓடிய பின் விளக்குத் தானாக அணைந்தது. டேப் ஒட்டிய இடத்தில் பசைத் தழும்பு இன்னும் இருக்கிறது. இவர் அதைத் துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலைகளில் அளவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்குவது இப்போது என் மகளின் பொறுப்பு. கதவடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் உம்மா, அவள் ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமிட்டுச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.